கண்டுபிடிப்பதற்கு முன்பே ஆள் குடியிருந்த நாடு: நியூசிலாந்து, மாவோரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் ஓர் இளம் பெண் உறுப்பினர் மசோதாவின் நகலைக் கிழித்துவிட்டு ஹக்கா என்ற மாவோரி வீர நடனம் ஆடிய காணொளி நம் எல்லார் கைபேசிக்கும் வந்தது. 'எதற்கு இந்தக் கோபம்?' என்று பலர் கேட்டார்கள். அந்த நாட்டு வரலாற்றை விடாமல் படிக்கிறவன் என்று தெரிந்ததால் என்னிடம் கூடுதலாகவே கேட்டார்கள். வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நியூசிலாந்தைக் கண்டுபிடித்தது யார்? கேப்டன் குக் என்றுதானே படித்தோம்?

மாவோரிகள். அந்த நாட்டுப் பூர்வகுடிகளான இவர்கள் பசிபிக் கடலின் கிழக்குப் பாலினீசியத் தீவுகளிலிருந்து பெரிய படகுகளில் கிளம்பி, ஏறக்குறைய 1250க்கும் 1300க்கும் நடுவில் வந்து சேர்ந்தார்கள். மதுரையில் பாண்டியர்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. உலகில் மனிதர்கள் கடைசியாகக் குடியேறிய பெரிய நிலப்பரப்பு இது.

ஐரோப்பியரிலும் குக் முதல் ஆள் இல்லை. 1642 டிசம்பரில் ஆபெல் டாஸ்மன் இரண்டு கப்பல்களோடு வந்தார். பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் அவரை அனுப்பியது. டிசம்பர் 18 இரவு, படகுகளில் நெருங்கி வந்த மாவோரிகள் ஊதுகொம்பு ஊதினார்கள். ஏதோ வரவேற்பு என்று நினைத்து டச்சுக்காரர்களும் எக்காளத்தை எடுத்துப் பதிலுக்கு ஊதினார்கள். அது போருக்கு அழைக்கும் சவாலாக இருந்திருக்கும் என்பது இன்றைய கணிப்பு. தெரியாமலே அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மறுநாள் ஒரு சிறு படகு மோதித் தாக்கப்பட்டு நான்கு மாலுமிகள் செத்தார்கள். டாஸ்மன் கரையில் கால் வைக்காமலே 'கொலைகாரர் விரிகுடா' என்று வரைபடத்தில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு 127 வருடம் எந்த ஐரோப்பியரும் வந்ததாகப் பதிவு இல்லை.

குடித்தனம் நடக்கிற வீட்டுக்குள் நுழைந்து 'வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்று சொல்வது எப்படியிருக்கும்? பள்ளிப் பாடத்தில் அந்தச் சொல் நமக்கு உறைப்பதில்லை. அங்கே அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு தீவு முழுவதும் உரிமை கொண்டாடப்பட்டது. கீழே வருகிறது.

தமிழன்தான் முதலில் போனான், அங்கே தமிழ் மணி கிடைத்தது என்கிறார்களே?

மணி நிஜம். வாட்ஸ்அப்பில் வரும் முடிவுதான் சரியில்லை.

வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 1836 வாக்கில் வங்காரே பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தால் அது விளிம்பு உடைந்த கப்பல் மணி. சுற்றிலும் ஏதோ எழுத்து. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை மாற்றி வாங்கிக்கொண்டார். எழுத்து தமிழ் என்பது பின்னால் தெரிந்தது: 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி'. காற்றில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் கிடைத்தது, பல தலைமுறையாக அங்கே கிடந்திருக்கும் என்று மாவோரிகள் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. இப்போது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயரைப் பார்த்தால் உடையவர் தமிழ் முஸ்லிம் கப்பல்காரர். ஆனால் மணி போன இடத்துக்கெல்லாம் கப்பல்காரரும் போயிருக்க வேண்டும் என்பதில்லை. கப்பல் கைமாறும், உடையும், ஆளில்லாமல் மிதந்தும் போகும். வைத்துச் சொல்ல நமக்கு இருப்பது அந்த ஒரு மணி மட்டும்தான். எனக்கென்னவோ மணியைவிட அதில் வெந்த கிழங்குதான் பெரிய சேதி. தென்னமெரிக்க ஆண்டஸ் மலையில் விளைந்த பயிர், ஐரோப்பியர் கப்பலேறி, மாவோரிக் கையில், தமிழ் மணிக்குள் வெந்துகொண்டிருந்தது.

குக் வந்த அன்று என்ன நடந்தது?

1769 அக்டோபர் 8. 'எண்டவர்' கப்பல் வடக்குத் தீவின் கிழக்குக் கரையில் தூராங்கனுயி-அ-கிவா என்ற இடத்தில் நின்றது. ஆட்கள் கரையேறிய சிறிது நேரத்தில், காவலுக்கு நின்ற சிறு படகை நோக்கி வந்த தெ மாரோ என்பவர் சுடப்பட்டு இறந்தார். வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்கும் முறைதான் ஈட்டியோடு எதிர்கொள்வது. அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் ஆற்று நடுவில் ஒரு பாறையின் மேல் குக்கும் ஒரு மாவோரியும் மூக்கோடு மூக்கு வைத்து வணங்கிக்கொண்டார்கள். அதே நாளில் மீண்டும் துப்பாக்கி வெடித்தது. அந்தப் பாறையும் இன்று இல்லை. துறைமுக வேலைக்காக வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அந்த மனக்கசப்பில் தனக்கு வேண்டிய எதுவும் கிடைக்காததால் குக் அந்த இடத்துக்கு 'வறுமை விரிகுடா' என்று பேர் வைத்தார். செழிப்பான ஊர் அது. சுட்டவர் வைத்த பேரை ஊர்க்காரர்கள் 250 வருடம் சுமந்தார்கள். 2019-இல்தான் பழைய பெயரும் சேர்த்து அதிகாரபூர்வமானது. அதே ஆண்டு பிரிட்டிஷ் தூதர் அங்கே நேரில் போய், கொல்லப்பட்ட ஒன்பது பேருக்காக வருத்தம் தெரிவித்தார். வருத்தம்தான், மன்னிப்பு இல்லை.

குக்கோடு வந்த டுபாயாவைப் பற்றி நம் பாடங்களில் ஒரு வரிகூட இருந்ததில்லை. தஹீத்திக்குப் பக்கத்து ராயியாடேயா தீவுக்காரர், பூசாரி, கடலோடி. சுற்றுவட்டாரத்தில் 74 தீவுகளை வரைபடத்தில் இடம் காட்டினார். தஹீத்தி மொழியும் மாவோரியும் கிட்டத்தட்ட தமிழும் மலையாளமும் மாதிரி. அவர் பேசியது கரையில் நின்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. பல ஊர்களில் மாவோரிகள் அதை டுபாயாவின் கப்பல் என்றே நினைத்தார்கள். 1773-இல் குக் திரும்பி வந்தபோது 'டுபாயா எங்கே?' என்று கேட்டார்கள். அவர் 1770-இலேயே பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயில் இறந்துவிட்டிருந்தார்.

நம்மூருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு, பெருமைப்படும்படி இல்லை. 1769 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 'சேன் ழான் பத்தீஸ்த்' என்ற பிரெஞ்சுக் கப்பல் இந்தியத் துணி மூட்டைகளோடு கிளம்பியது. கேப்டன் பெயர் த சுர்வீல். கப்பலில் இந்தியாவிலிருந்து போன லஸ்கர் மாலுமிகளும் இருந்தார்கள். நியூசிலாந்து மண்ணை மிதித்த முதல் இந்தியர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் அவர்கள்தான். வழியெல்லாம் காய்கறி, பழம் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் ஆட்கள் செத்து, டிசம்பரில் வடகோடியில் நங்கூரமிட்டார்கள். அதே மாதம் குக்கின் கப்பலும் அந்த முனையைச் சுற்றியது. ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நோயாளிகளுக்கு ஊர்க்காரர்கள் தண்ணீரும் கீரையும் கொடுத்தார்கள். புயலில் சிக்கியவர்களுக்கு ரங்கினுயி என்ற தலைவர் இடம் கொடுத்துச் சோறும் போட்டார். அந்தப் புயலில் அடித்துப்போன ஒரு சிறு படகை மாவோரிகள் எடுத்துக்கொண்டதாக த சுர்வீலுக்குக் கோபம். கரை ஒதுங்கியது கரைக்காரனுக்கு என்பது அவர்கள் வழக்கம். டிசம்பர் 31 அன்று குடிசைகளைக் கொளுத்தி, சோறு போட்ட ரங்கினுயியையே கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். 1770 மார்ச்சில் தென்னமெரிக்கா பக்கம் நடுக்கடலில் அவர் ஸ்கர்வியில் இறந்தார். இரண்டு வாரம் கழித்து பெரு நாட்டுக் கரையில் படகு கவிழ்ந்து த சுர்வீலும் மூழ்கினார். அவர் விட்டுப்போன நங்கூரங்களை 1974-இல் கடலடியில் கண்டெடுத்தார்கள்.

அமெரிக்காவில் நடந்ததுபோல இங்கேயும் பெரியம்மையில் லட்சக்கணக்கில் செத்தார்களா?

அந்த அளவில் இல்லை. தூரம் காப்பாற்றியது. பல மாதக் கடல் பயணத்தில் பெரியம்மை கண்டவர்கள் ஒன்று தேறியிருப்பார்கள், இல்லை செத்திருப்பார்கள். கரைக்கு வரும்போது கிருமி தொற்ற ஆள் இருக்காது. மெக்சிகோவில் 1520-இல் அஸ்டெக் தலைநகரைச் சூறையாடிய அம்மைக்கு இவ்வளவு தூரம் இல்லை. (வாஸ்கோ ட காமா வந்ததும் நாம் ஏன் அப்படிச் சாகவில்லை என்றும் சிலர் கேட்கிறார்கள். அம்மை நமக்குப் பழைய சொந்தம். கோயில் கட்டிக் கும்பிடும் அளவுக்கு.)

ஆனால் தட்டம்மை, ஃப்ளூ, கக்குவான், காசநோய், பால்வினை நோய்கள் எல்லாம் வந்தன. குக் வந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் என்று கணிக்கப்படும் மாவோரித் தொகை 1896 கணக்கெடுப்பில் 42,000 சொச்சமாகச் சுருங்கிவிட்டது. அழிந்துகொண்டிருக்கும் இனம் என்று வெள்ளையர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். 2023 கணக்கெடுப்பில் 8,87,493 பேர், மக்கள்தொகையில் 17.8 சதவீதம்.

உருளைக்கிழங்குக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?

மாவோரிகளுக்கு ஏற்கெனவே கிழங்கு உண்டு: கூமரா, நம்ம சர்க்கரைவள்ளி. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தென்னமெரிக்காவிலிருந்து பாலினீசியாவுக்கு வந்த பயிர் அது. ஆனால் குளிர் தாங்காது, பாடு அதிகம். உருளைக்கிழங்கு குளிரிலும் விளையும், விளைச்சலும் அதிகம். மிச்சக் கிழங்கைக் கப்பல்காரர்களுக்கு விற்றுத் துப்பாக்கி வாங்கலாம். மூட்டை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் படை நடத்தவும் செய்யலாம்.

பழைய குலப் பகைகளுக்குப் புது ஆயுதம் கிடைத்தது. ஙாப்புஹி குலத் தலைவர் ஹோங்கி ஹிகா 1820-இல் இங்கிலாந்து போய் அரசர் நான்காம் ஜார்ஜைப் பார்த்தார். கேம்பிரிட்ஜில் மாவோரி இலக்கணம் எழுத உதவினார். திரும்பும் வழியில் சிட்னியில், கிடைத்த பரிசுகளையெல்லாம் கொடுத்துத் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டார். 1840 வரை நடந்த சண்டைகளில் சுமார் 20,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. (ங-வில் தொடங்கும் சொல் தேடித் தமிழில் திண்டாடுகிறோம். மாவோரியில் அது அன்றாடப் பேச்சு.)

மாவோரிகளே மொரியோரிகளைக் கொன்றார்களே, அதைப் பேசமாட்டீர்களா?

பேசலாம். நியூசிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் வாழ்ந்த மொரியோரிகள் கொலையே கூடாது என்ற நெறியில் இருந்தவர்கள். 1835-இல் சுமார் 900 மாவோரிகள் ஒரு ஐரோப்பியக் கப்பலில் ஏறி அங்கே போய், ஏறக்குறைய 300 பேரைக் கொன்று மற்றவர்களை அடிமைகளாக்கினார்கள். 1862-இல் மிஞ்சியது 101 பேர். இது மறைக்கக்கூடியதும் இல்லை, மறைக்கப்படவும் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி பெரும்பாலும் மொரியோரிகள் மேல் உள்ள பாசத்தில் வருவதில்லை. 'அவன் மட்டும் யோக்கியமா' என்று நிலப் பேச்சை நிறுத்தத்தான் வருகிறது. அவர்கள் அழிந்துவிட்டார்கள் என்பதும் பொய். 2020-இல் அரசோடு இழப்பீட்டு ஒப்பந்தம் போட்டவர்கள் அவர்களுடைய சந்ததியினர்.

வைட்டாங்கி ஒப்பந்தம் என்பது என்ன? ஏன் இன்னும் சண்டை?

பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் 1840-இல் செய்துகொண்டது. ஒரே ஒப்பந்தம், இரண்டு மொழியில், இரண்டு பொருள். எல்லாச் சண்டையும் அங்கிருந்துதான்.

1840 பிப்ரவரி 4 மாலை, பிரிட்டிஷ் பிரதிநிதி ஹாப்சன் ஆங்கில வரைவை ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரிடம் கொடுத்தார். அவரும் மகன் எட்வர்டும் ராத்திரியோடு ராத்திரியாக மாவோரியில் பெயர்த்தார்கள். ஒரு நாள் முழுக்க விவாதம். 6-ஆம் தேதி கையெழுத்து. எழுதத் தெரியாத தலைவர்கள் தங்கள் முகத்தில் குத்தியிருந்த பச்சையின் ஒரு பகுதியை வரைந்து ஒப்பமிட்டார்கள். பிரதிகள் நாடெங்கும் போய் 500க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். அதில் ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டவர்கள் 39 பேர் மட்டுமே.

ஆங்கிலத்தில் முதல் பிரிவு சொல்வது: இறையாண்மை முழுவதையும் ராணிக்குக் கொடுக்கிறோம். மாவோரியில் அந்த இடத்தில் இருக்கும் சொல் 'காவனடங்கா'. காதை வைத்துக் கேளுங்கள், 'கவர்னர்' ஒலிக்கும். பாதிரிமார்கள் கவர்னரை 'காவனா' ஆக்கி, அதிலிருந்து உருவாக்கிய சொல், கவர்னர் உத்தியோகம் என்பதுபோல. இரண்டாம் பிரிவு நிலம், ஊர், அருமையான பொருள்கள் எல்லாவற்றின் மீதும் 'டினோ ரங்கட்டிரடங்கா', அதாவது தலைமைத்துவம் முழுவதும், உங்களுக்கே என்கிறது. ஒப்பமிட்டவர் பார்வையில், வந்து இறங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களைக் கட்டிமேய்க்க ஒரு கவர்னர் வருகிறார், வீட்டுச் சாவி நம்மிடமே இருக்கிறது. வாங்கியவர் பார்வையில் சாவியே கைமாறிவிட்டது.

இதையும்கூட முழுசாகச் செய்யவில்லை. பிரதிகள் தெற்கே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, மே 21 அன்று, தெற்குத் தீவை 'கண்டுபிடித்த உரிமை'யால் பிரிட்டனுக்குச் சொந்தம் என்று ஹாப்சன் அறிவித்துவிட்டார். குக் கண்டுபிடித்தாராம், ஆகவே சொந்தமாம்.

1877-இல் தலைமை நீதிபதி பிரென்டர்காஸ்ட் ஒப்பந்தம் வெறும் செல்லாக் காகிதம் என்றார். அந்தக் காகிதமும் அரசாங்கக் கட்டடத்தின் அடித்தளத்தில் கிடந்தது. 1908-இல் தேடி எடுத்தபோது தண்ணீர் பட்டு, எலி அரித்திருந்தது. இன்று வெலிங்டன் தேசிய நூலகத்தில் மங்கிய வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். எலி தின்ற ஓரங்கள் கண்ணாடிக்குள் தெளிவாகத் தெரியும்.

நிலம் எப்படிக் கைவிட்டுப் போனது?

மூன்று வழி. முதலாவது மலிவு விலை: 1848-இல் தெற்குத் தீவில் சுமார் 2 கோடி ஏக்கர் 2,000 பவுனுக்கு எழுதி வாங்கப்பட்டது, ஒரு பவுனுக்குப் பத்தாயிரம் ஏக்கர். இரண்டாவது பறிமுதல்: 1863 சட்டப்படி, எதிர்த்தவர்கள் நிலத்தோடு எதிர்க்காதவர்கள் நிலமும் போனது.

மூன்றாவதுதான் நமக்கு நன்றாகப் புரியும். 1865-இல் வந்த நில நீதிமன்றம், குலத்துக்குப் பொதுவான நிலத்தைத் தனித்தனிப் பேரில் பட்டா ஆக்கியது. தொடக்கத்தில் ஒரு பத்திரத்தில் பத்துப் பேருக்கு மேல் இருக்க முடியாது. ஆயிரம் பங்காளிகளுக்கான காட்டை அந்தப் பத்துப் பேர் விற்கலாம், கடனுக்கு இழக்கலாம். வழக்கு வெளியூரில் நடக்கும். வாய்தா வாய்தாவாக வாரக்கணக்கில் குடும்பத்தோடு தங்க வேண்டும். மளிகைக் கடையில் கடன் ஏறும், சர்வே கட்டணம் ஏறும். தீர்ப்பு வரும்போது ஜெயித்த நிலம் கடனுக்கே போய்விடும். இன்று மாவோரி நிலமாக மிஞ்சியிருப்பது நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 5 சதவீதம்.

எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. பாரிஹாகா என்ற ஊரில் தெ விட்டி, டோஹு என்ற இரு தலைவர்கள் 1879-இல் ஓர் உத்தியைக் கண்டார்கள். பறித்த நிலத்தில் ஏரைப் பூட்டி உழுவது, கைதானால் அடுத்த ஆள் ஏரைப் பிடிப்பது, கையில் ஆயுதம் எடுப்பதில்லை. உழவு தொடங்கியபோது காந்திக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. 1881 நவம்பர் 5 அன்று 1,600 பேர் கொண்ட படை ஊருக்குள் நுழைந்தபோது முன்னால் நின்றது பாட்டுப் பாடும் சிறுவர் கூட்டமும் விருந்துக்குச் சுட்ட ரொட்டியும். படை வீடுகளை இடித்து, தலைவர்களை விசாரணையின்றிச் சிறைவைத்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2017-இல்.

மொழி பிழைத்ததா?

மயிரிழையில். 1867 சட்டத்தால் பள்ளி ஆங்கிலத்துக்கு மாறியது. மாவோரி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அடி வாங்கியவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியில் பேசவே பயந்தார்கள். 1972-இல் 30,000க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு, 1982-இல் 'கோஹாங்கா ரேயோ' எனும் மொழிக்கூடுகள். பாட்டிமார்கள் மாவோரியில் மட்டுமே பேசி வளர்க்கும் மழலையர் பள்ளி அது. நடுத் தலைமுறையைத் தாண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு மொழியைக் கடத்திய ஏற்பாடு. 1987-இல் ஆட்சிமொழி. 2023-இல் பேசத் தெரிந்தவர்கள் 2,13,849 பேர்.

காடும் பறவையும்?

பழி இருபக்கமும் உண்டு. ராட்சதப் பறவையான மோவாவை வேட்டையாடித் தீர்த்தது மாவோரிகள்தான், குக்குக்கு வெகுகாலம் முன்பே. பிறகு கப்பல் எலி, பூனை, முயல், முயலைப் பிடிக்க இறக்கிய ஸ்டோட் எனும் கீரி மாதிரியான பிராணி எல்லாம் வந்தன. ஸ்டோட் முயலைவிடப் பறக்கத் தெரியாத பறவைகளைச் சுலபமாகப் பிடித்தது. ஹுயியா பறவை 1907-க்குப் பிறகு உறுதியாகக் காணப்படவில்லை.

நஷ்டஈடு கொடுத்துவிட்டார்களே, அப்புறம் என்ன?

1975-இல் ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்க வைட்டாங்கி தீர்ப்பாயம் வந்தது. 1985 முதல்தான் 1840 வரைக்கும் பின்னோக்கிய புகார்களை விசாரிக்க அதிகாரம். 1995-இல் வைகாட்டோ குலத்துக்கு 17 கோடி நியூசிலாந்து டாலரும், எலிசபெத் ராணியே நேரில் ஒப்பமிட்ட மன்னிப்பும் கிடைத்தன. தொகை இழந்ததன் மதிப்பில் சிறு துணுக்கு. பணத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது 2017-இல் வங்கநுயி ஆறு சட்டப்படி ஓர் ஆளாக ஏற்கப்பட்டது. ஆற்றின் சார்பில் பேச இருவர்: ஒருவர் அரசு ஆள், ஒருவர் குலத்து ஆள். அதே ஆண்டு உத்தராகண்ட் உயர் நீதிமன்றமும் கங்கையையும் யமுனையையும் ஆள் என்றது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது வேறு கதை.

ஆனால் சிறையில் இருப்பவர்களில் இன்றும் பாதிக்கு மேல் மாவோரிகள். இது காசோலையில் தீருகிற கணக்கு இல்லை.

அப்படியானால் 2024 ஹக்கா எதற்கு?

ஒப்பந்தத்தின் கோட்பாடுகளுக்குப் புதிதாக ஒரு பொருள் சட்டத்தில் எழுத ஒரு சிறு கூட்டணிக் கட்சி மசோதா கொண்டுவந்தது. 'எல்லாரும் சமம்' என்ற அழகான வாசகம் உள்ளே இருந்தது. 'எலி தின்றது போதாதென்று மிச்சத்தையும் தின்னப் பார்க்கிறார்கள்' என்று மாவோரிகளுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பல்லாயிரம் பேர் வெலிங்டனுக்கு நடந்தார்கள். 2025 ஏப்ரல் 10 அன்று 112-க்கு 11 என்ற கணக்கில் மசோதா தோற்றது. ஹக்கா ஆடிய உறுப்பினருக்கு ஏழு நாள் இடைநீக்கம்.

அங்கே குடியேறும் தமிழர்கள் இதில் எந்தப் பக்கம்?

1983க்குப் பிறகு ஈழத்திலிருந்தும், பின்னால் தமிழ்நாட்டிலிருந்தும் கணிசமானோர் போயிருக்கிறார்கள். 'நாம் யார் நிலத்தையும் பறிக்கவில்லையே' என்பார்கள். உண்மைதான். ஆனால் விசா கொடுக்கும் அரசுக்கு அந்த அதிகாரம் எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று பார்த்தால், ஓரம் அரித்த அதே காகிதம். ஒப்பந்தத்தின் பேரில் அங்கே வாழ்பவர்களை மாவோரியில் 'டாங்கட்டா டிரிட்டி', ஒப்பந்தத்து மக்கள், என்பார்கள். அகதியாக வந்த ஈழத்தமிழரும் அதில் அடக்கம்.

அவர்களுடைய பிள்ளைகள் பள்ளி விழாவில் நாட்டுப்பண் பாடும்போது முதல் பத்தியை மாவோரியில்தான் பாடுகிறார்கள். ஆங்கிலம் இரண்டாவதாக வருகிறது.